முதல் தண்ணீர்

சூடு காட்டும் முள் மறுபடி சிவப்பைத் தொட்டது.

றேடியேற்றர் மூடியின் விளிம்பால் ஆவி சீறியது. வின்சன்ற் எஞ்சினை நிறுத்திவிட்டு, கையில் இருந்த துணியைக் கராஜ் சுவரில் ஓங்கி எறிந்தான். துணிதானே, சத்தம்கூடக் கேட்கவில்லை. அதுவும் அவனுக்கு எரிச்சலைத்தான் கிளப்பியது.

பந்தயக் காரின் இருக்கையில் இருந்து மகள் ஸ்டெபனி இறங்கினாள். ஹெல்மெற்றைக் கையில் எடுத்தாள்.

“சொறி அப்பா. சனிக்கிழமை நான் றூபன்ர காரில ஓடுறன்.”

பக்கத்து ஊர் யூனியன்வில்லில் இருக்கும் றூபனிடமும் இதே காலத்துப் பழைய கார் ஒன்று இருந்தது. அது கொதிப்பதில்லை. சனிக்கிழமை இந்த வருடத்தின் கடைசி ஓட்டம். அப்பாவின் எஞ்சினை நம்பி இரண்டு ஓட்டங்களைக் கோட்டைவிட்டவள் மூன்றாவதையும் விடுவாளா?

அவளுடைய சொந்தச் சிவப்புக் கார் மார்க்கம் வீதிப் பக்கம் திரும்பி மறையும்வரை வின்சன்ற் வாசலில் நின்றான். தான் பூட்டிய எஞ்சினில் மகள் ஒருதரமாவது ஓடவேண்டும். இந்தக் கோடை முழுக்க அவன் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான்.

மற்ற எஞ்சின்களுக்கு வால்வுகள் தலையில் இருக்கும். இந்தப் பழைய பிளற்ஹெட் எஞ்சினுக்குச் சிலிண்டரின் பக்கத்திலேயே. எரிந்த புகை எஞ்சினின் வயிற்றுக்குள்ளால் சுற்றி வளைந்துதான் வெளியே போகவேண்டும். இந்தச் சாதிக்குப் பிறவியிலேயே சூட்டு உடம்பு.

அது தெரிந்துதான் வின்சன்ற் தொடங்கினான். புகை போகும் வழியைக் கையால் அராவி அகலமாக்கினான். சிலிண்டரைப் பெருப்பித்தான். பெரிய றேடியேற்றர், புதுப் பம்புகள் இரண்டு. இவ்வளவும் செய்து, பந்தயத்தில் இறக்க முன்னமே கொதித்தால் மனிதன் என்ன செய்வது?

ஆட்களைத்தான் குறை சொன்னான். முதல் தரம் கொதித்தபோது பம்ப் விற்றவன். இரண்டாம் தரம் றேடியேற்றர் ஒட்டியவன். இன்றைக்குக் குறை சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை.

சகுனத்திலும் குறை இல்லை. பாதர் வந்து ஆசீர்வதிக்கட்டும் என்று மனைவி கிளடிஸ் கேட்டபோது, இது எஞ்சின், ஞானஸ்நானப் பிள்ளை இல்லை என்று சிரித்தவன்தான். ஆனால் கிளடிஸின் கைராசியில் மட்டும் அவனுக்கு அசையாத நம்பிக்கை. எஞ்சினைப் பூட்டிய ஒவ்வொரு தரமும் அவளைக் கூப்பிட்டு, சில்வர் செம்பால் முதல் தண்ணீரை அவள் கையாலேயே றேடியேற்றருக்குள் ஊற்றுவித்தான். அவளும் சிலுவை போட்டுவிட்டுத்தான் ஊற்றினாள்.

எஞ்சின் ஆறும்வரை அவனுக்குப் பொறுமை இல்லை. கீழே வாளியை வைத்து, விரலைச் சுட்டுக்கொண்டே வடிகுழாயைத் திறந்தான்.

தண்ணீர் வரவில்லை.

கம்பியால் குத்தினான். சேறு ஒரு கட்டியாக வழுகி வாளிக்குள் விழுந்தது. பின்னால் தண்ணீர் கொட்டியது.

முதல் இரண்டு தரமும் சேறு வந்ததுதான். இந்தப் பழைய எஞ்சின்களை வார்த்தபோது உள்ளே தங்கிப்போன அச்சு மண் என்று நினைத்து, கவனிக்காமல் கழுவி ஊற்றினான். எல்லோருக்கும் வருவதுதான். ஆனால் இரண்டு தரம் சுரண்டிக் கழுவிய பிறகும் வருகிறதே, மண் உள்ளே கிடந்து குட்டியா போடுகிறது?

வாளியை வெளிச்சத்துக்கு இழுத்து, கொஞ்சம் எடுத்து விரல்களுக்கு நடுவில் உரசிப் பார்த்தான். அச்சு மண் கறுப்பு, சொரசொரப்பு. இது பழுப்பு. மா மாதிரி மெத்தென்று இருந்தது.

சுட்ட விரலைக் கழுவ வீட்டுக்குள் போனவன், விறாந்தையில் மாதா படத்துக்கு முன்னால் நின்றுவிட்டான்.

படத்தின் கீழே ஒரு தகர ரின். மடு மாதா கோயில் மண். ஆடித் திருநாளுக்கு ஊருக்குப் போன கிளடிஸின் தங்கை கொண்டுவந்து கொடுத்தது. மன்னார்ப் பக்கத்தில் பாம்பு அண்டாதென்று அந்த மண்ணை வைத்திருப்பார்கள், வீடு கட்டினால் அத்திவாரத்திலும் போடுவார்கள். வந்தபோது ரின் நிறைய இருந்தது.

திறந்து பார்த்தான். அடி தெரிந்தது.

கிளடிஸ் குசினி வாசலில் நின்றாள். அவனுடைய கையில் இருந்த சேற்றையும் ரின்னையும் பார்த்தாள். மறைக்கவேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

“பிள்ளைக்குக் காவலாய்த்தான் செம்புக்குள்ள கரைச்சு ஊத்தினனான். ஏன், மாதா கைவிட்டவவே? இந்த வருசம் முழுக்க அவள் ஒரு கீறல் படாமல் வீட்டிலதானே நிண்டவள்.”

வின்சன்ற் கணக்குப் பார்த்தான். இரண்டு ஓட்டம், இரண்டு பம்ப், ஒரு கோடைக்காலம். கத்துவதற்கு வாயைத் திறந்தான். வந்தது வேறு.

“அவள் சனிக்கிழமை றூபன்ர காரில ஓடப் போறாள்.”

கிளடிஸ் அவனுடைய கையில் இருந்து ரின்னைப் பறித்தாள். கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள். உள்ளங்கையில் ஒன்றும் விழவில்லை.

“அப்ப அந்தக் காருக்கும் மண் வேணும்” என்றபடி அவனைத் தாண்டி கராஜுக்குப் போனாள். வாளிக்குப் பக்கத்தில் வெறும் நிலத்தில் குந்தி, முழங்கைவரை கையை விட்டாள். துருவையும் எண்ணெயையும் விலக்கி, அடியில் படிந்த பழுப்பு மண்ணை மட்டும் விரலால் வழித்து வழித்து ரின்னுக்குள் போடத் தொடங்கினாள்.

 வின்சன்ற் குசினிக்குப் போய்த் தேத்தண்ணி வடிக்கும் வடியை எடுத்துவந்து அவளிடம் நீட்டினான்.