விளையாட்டுக் கேமரா

“நிறுத்துங்க டாக்டர்!”

அவள் போட்ட சத்தத்தில், நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த கணவர் திடுக்கிட்டு விழித்தார். அவர் முகத்தைச் சுற்றிக் கேமராவை மெதுவாக நகர்த்திக்கொண்டிருந்த லேடி டாக்டரின் கை அப்படியே நின்றது.

“இது என் பொண்ணு டி.வி.யில மாட்டி கேம் ஆடுற கேமரா மாதிரி இருக்கே?”

“மாதிரி இல்லம்மா, அதேதான்.” டாக்டர் கொஞ்சமும் அசரவில்லை.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கணவர் வெல்டர். தலைவலி தலைவலி என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், போன வாரம் பட்டறையிலேயே மயங்கி விழுந்துவிட்டார். மூளையில் எலுமிச்சை அளவுக்குக் கட்டி. நாளை மறுநாள் ஆபரேஷன். அதற்குப் போய் விளையாட்டுச் சாமானா?

“விளையாட என் வீட்டுக்காரர் தலைதான் கிடைச்சுதா?”

“உட்காருங்க, சொல்றேன். கட்டி உள்ள எங்க இருக்குன்னு ஸ்கேன் காட்டுது. முகத்தோட மேடு பள்ளத்தை இந்தக் கேமரா காட்டுது. ரெண்டையும் கம்ப்யூட்டர் ஒண்ணு மேல ஒண்ணு பொருத்திடும். ஆபரேஷன்போது என் கருவியோட நுனி மூளைக்குள்ள எங்க நிக்குதுன்னு திரையில தெரியும். தேவையில்லாத இடத்துல கை படாது.”

“அதுக்குப் பெரிய மெஷினே இருக்காமே?”

“இருக்கு, யானை விலை குதிரை விலை. எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அதையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு சோதிச்சுட்டோம். கடுகளவும் வித்தியாசம் இல்ல. நீங்க ஸ்கூல் வேன் ஓட்டுறீங்க. ரிவர்ஸ் எடுக்கும்போது கண்ணாடி என்ன விலைன்னா பார்ப்பீங்க?”

அவள் முறைத்தாள். கணவர்தான் இளித்தார்.

“என் மூஞ்சியை இவ்வளவு ஆசையா யாரும் சுத்திச் சுத்திப் பார்த்ததே இல்ல. பார்த்துட்டுப் போகட்டுமே!”

“நீங்க சும்மா இருங்க!”

கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை, வேறொரு ஆஸ்பத்திரி. பேப்பரில் எல்லாம் படம் வருகிற பெரிய டாக்டர். விவரம் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தார்.

“கேம் ஆடுற கேமராவா? அந்தப் பொண்ணு என்கிட்ட படிச்சவதான். கெட்டிக்காரி, இல்லைன்னு சொல்லல. ஆனா மூளை என்ன விளையாட்டு மைதானமா? அங்க, அறையை அடைச்சுக்கிட்டு நிக்குதே, அதுக்குப் பேர்தான் மெஷின். பேசாம இவரை இங்கயே சேர்த்துடுங்க.”

அவளுக்கு அப்போதுதான் உயிரே வந்தது.

சாயங்காலம், ஸ்கேன் படங்களைத் திருப்பி வாங்கிக்கொண்டு ‘ஆபரேஷன் வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு வரப் பழைய ஆஸ்பத்திரிக்குப் போனாள். கணவரை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, டாக்டரின் அறைக் கதவைத் தள்ளினாள்.

உள்ளே யாருடைய முகத்தையோ அதே கேமராவில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். திரையில் நெற்றி, மூக்கு, தாடை என்று ஒரு முகம் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பி வந்தது.

“அசையாதீங்க சார்... இன்னும் கொஞ்சம்தான், அப்புறம் உங்க ஸ்கேனோட பொருத்திடலாம்.” டாக்டரின் குரலிலும் சரி, கையிலும் சரி, துளி நடுக்கம் இல்லை.

வாசலிலேயே நின்று பார்த்தாள். பிறகு ஓசைப்படாமல் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்தாள்.

“என்ன, வேண்டாம்னு சொல்லிட்டியா?” என்றார் கணவர்.

“இல்ல. உள்ள ஒருத்தருக்குக் கேமரா பிடிச்சுக்கிட்டு இருக்காங்க. அவர் வந்ததும் நீங்க போய் உட்காருங்க. ஆபரேஷன் இங்கதான். நாளைக்கே.”

கணவருக்கு ஒன்றும் புரியவில்லை.

“என்ன திடீர்னு? பெரிய டாக்டர் அவ்வளவு தூரம் வேண்டாம்னு சொன்னாரே?”

அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டுச் சொன்னாள்:

“உள்ள உட்கார்ந்திருக்கிறதே அவர்தாங்க!”