மீட்டருக்குத் தெரியாத ஓட்டம்

ஹபீப் முகம்மது ஜீப்புக்கு அடியிலிருந்து முதலில் காலை வெளியே நீட்டினார். அப்புறம் வயிறு வந்தது. தலை வர நேரமாயிற்று.

"எஞ்சின்ல ஒரு கோளாறும் இல்ல அண்ணாச்சி. கல்யாண மாப்பிள்ள கணக்கா இருக்கு."

ஆவுடையப்ப பிள்ளையின் முகம் தெளியவில்லை. நோய் இல்லை என்று வைத்தியர் சொன்னால் மனிதனுக்குச் சந்தோஷம். வண்டி வைத்திருப்பவனுக்கு அதைவிடக் கெட்ட செய்தி கிடையாது.

அந்த ஜீப் காட்டிலாகா ஏலத்தில் எடுத்தது. யானையைத் துரத்தப் போய், யானை இதைத் துரத்தி, ரெண்டும் களைத்துப் போய் ஒரே ஓடையில் தண்ணீர் குடித்ததாகக் கேள்வி. யானை அத்தோடு நிறுத்திக்கொண்டது.

ஏற்றத்தில் டீசல் குடிக்காத வண்டி இல்லை. இது இறக்கத்திலும் குடித்தது. சாவி பிள்ளையின் மடியில் இருக்கும்போதும் குடித்தது. ஜங்ஷன் பங்க்காரர் இந்த ஒரு ஜீப்பை நம்பித்தான் மாடி எடுத்தார். தொண்ணூற்றிரண்டு வெள்ளத்தில் ஆற்றுக்குள் இருக்கிற குறுக்குத்துறை முருகன்கூட இவ்வளவு குடித்திருக்கமாட்டார்.

லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர் தேறவில்லை.

காற்று வடிகட்டியை மாற்றியாயிற்று. டீசல் பீச்சுகிற நாசில் மாற்றியாயிற்று. பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறதா என்று நாலு சக்கரத்தையும் தூக்கிச் சுற்றிப் பார்த்தாயிற்று. ராட்டினம் மாதிரி சுற்றின.

மிச்சம் இருந்தது டிரைவர் உச்சிமாகாளி ஒருவன்தான். பட்டறை வாசலில் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். டீசல் திருடினான் என்று ஒரு பேர் விழுந்துவிட்டால் தச்சநல்லூரில் அவனை மாட்டுவண்டி ஓட்டக்கூட யாரும் கூப்பிட மாட்டார்கள். அது அவனுக்கும் தெரியும், மரத்துக்கும் தெரியும்.

"வண்டி கூடுதலாக் குடிக்கல அண்ணாச்சி," என்றார் ஹபீப். "கூடுதலா ஓடுது. அது மீட்டருக்குத் தெரியல. கியர்பாக்ஸ்ல மீட்டர் கேபிள் மாட்டுத நட்டு இருக்குல்லா, மத்த நட்டெல்லாம் மண்ணப் பூசிட்டுக் கெடக்கு. அது மட்டும் வெள்ளிக் காசு மாதிரி மினுங்குது. யாரோ கழட்டிப் போட்டுட்டு ஓட்டுதாங்க, திரும்பி வந்து மாட்டுதாங்க."

பிள்ளை வேப்பமரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏலே களவாணிப் பயலே. எவனுக்குலே வாடகைக்கு ஓட்டுன?"

மாகாளி வேப்பம்பட்டையை நகத்தால் கீறினான். கீறின பட்டையைப் பார்த்துப் பிள்ளை இன்னும் இரண்டு வார்த்தை சொன்னார். இரண்டாவது வார்த்தை அவனைப் பெற்றவளைத் தொட்டது.

"வாடகைக்கு இல்ல மொதலாளி. நீங்க மண்டிக்குப் போன பெறவு நம்ம வீட்டு அம்மாவக் கூட்டிட்டு சீவலப்பேரிக்குப் போவேன். கோமதி பாப்பா வீட்டுக்கு. பேரனப் பாக்காம அம்மாவுக்குச் சோறு எறங்க மாட்டேங்கு."

பட்டறையில் ஏதோ ஒரு டப்பா உருண்டு, தானாகவே நின்றது.

கோமதி தனக்குப் பிடித்தவனோடு போன அன்று, பிள்ளை நேரே ஆற்றுக்குப் போய் மகளுக்குத் தலைமுழுகினார். செத்தவளுக்குச் செய்வதுபோல எள்ளும் தண்ணீரும் இறைத்தார். ஈர வேட்டியோடு வீட்டுக்கு வந்து, இந்த வீட்டிலிருந்து எவர் கால் சீவலப்பேரி எல்லையை மிதித்தாலும் அவருக்கும் எள் இறைப்பேன் என்றார். மனைவி நீலாம்பாள் அதற்கு, சாப்பிட இலை போடவா என்று கேட்டாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது என்றுதான் ஊர் நினைத்தது.

"சாவியக் கொடு," என்றார் பிள்ளை.

மாகாளி கொடுத்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோட்டில் இறங்கினான். திருடன் என்ற பேர் இல்லாமல் வேலை போனது, அதுவரைக்கும் லாபம்.

"ஹபீப், அந்த நட்ட இனி ஒரு பய தொடக் கூடாது. டீசல் பம்புக்குக் கம்பி கட்டி ஈயம் வச்சு நசுக்குவீரே, அதுமாதிரி நசுக்கிரும்."

ஹபீப் மறுபடி அடியில் போனார். பிறகு குரல் மட்டும் பைய வந்தது.

"அண்ணாச்சி, நட்டுல கொறடு வச்சுக் கடிச்ச தடம் இருக்கு. மாகாளி வேலக்காரன். அவன் ஸ்பேனர் இல்லாம நட்டத் தொடமாட்டான்."

பிள்ளை சாவியை மடியில் செருகிக்கொண்டார்.

மாகாளி விடுப்பு எடுக்கிற நாட்களில் மீட்டர் கேபிளைக் கழற்ற, குறடு ஒன்றை மடியில் செருகிக்கொண்டு ஜீப்புக்கு அடியில் படுத்தவர் பிள்ளைதான். சீவலப்பேரியில் அந்த வீட்டுக்கு எதிரே, புளியமரத்தின் மறைவில் ஜீப்பை நிறுத்துவார். இறங்கமாட்டார். கொடியில் காய்கிற துணியைப் பார்ப்பார், திரும்பிவிடுவார். தன் பங்கு டீசல் எவ்வளவு என்று அவருக்குத் துல்லியமாகத் தெரியும். மீதி எங்கே போகிறது என்பதுதான் விளங்காமல் இருந்தது.

கொடியில் போன மாதம் ஒரு சின்னச் சட்டை காய்ந்தது. ஆண் பிள்ளைக்கா பெண் பிள்ளைக்கா என்று அவ்வளவு தூரத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. யாரிடம் கேட்பது?

பேரனாம்.

"ஈயம் வச்சாச்சு. நசுக்கிரட்டா அண்ணாச்சி?"

ரோட்டில் சீவலப்பேரி டவுன் பஸ் போயிற்று. நட்டு நசுங்கினால் தன் ஓட்டமும் அத்தோடு நின்றது. பிள்ளை பஸ் மறைகிற வரைக்கும் பார்த்தார்.

"நசுக்கும் வே," என்றார்.