இரண்டாவது எண்

"வீட்டுல ஆளே இல்லாதப்போ உங்க காவல்காரர் வந்து யாரைக் காப்பாத்தினார்? அதுக்கு அறுபத்தஞ்சு டாலர் பில்லா?"

லோர்னா கைபேசியைச் சமையலறை மேசைமேல் வைத்து, ஒலிபெருக்கியில் போட்டுச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். எதிரே தங்கை டோரீன் காப்பிக் கோப்பையோடு, வேடிக்கை பார்க்க வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் அறுவைச் சிகிச்சை முடிந்த அக்காவை க்ளீவ்லேண்டிலிருந்து காரில் கொண்டுவந்து விட்டதே அவள்தான். வந்ததும் வராததுமாகத் தபால்பெட்டியில் இந்த பில்.

மறுமுனையில் வீட்டுப் பாதுகாப்புக் கம்பெனியின் கேல்வின். நான்காவது முறையாக மன்னிப்புக் கேட்டான்.

"மேடம், பதினாலாம் தேதி மதியம் மூணு பன்னெண்டுக்கு உங்க வீட்டுல அலாரம் அடிச்சிருக்கு. அதான் ஆள் அனுப்பினோம். ஆள் வந்தா அதுக்குத் தனிக் கட்டணம்."

"பதினாலாம் தேதி நான் கண்ணுல கட்டோட என் தங்கச்சி வீட்டுல படுத்திருந்தேன். உங்க மிஷின் தானா கத்தினா நான் ஏன் தண்டம் அழணும்?"

"நல்லாக் கேளுக்கா!" என்றாள் டோரீன். "இவங்களை விட்டுத் தொலைன்னு நானும் தலைபாடா அடிச்சுக்கறேன். எங்க வீட்டுக்குப் போட்டிருக்கற கம்பெனியில இதுல பாதிதான் வாங்கறாங்க. கம்பெனி என்ன, இந்த வீட்டையே வித்துட்டு என்கூட வந்துடு. ஹெரால்ட் அத்தான் போயி ஆறு வருஷமாச்சு. ஒத்தையில இங்க கிடந்து என்ன பண்ணப் போற?"

லோர்னா கையமர்த்தினாள். தங்கை வரும்போதெல்லாம் கேட்கிற கேள்விதான். அவள் ஒருநாளும் பதில் சொன்னதில்லை.

"இருங்க மேடம், முழுப் பதிவையும் எடுக்கறேன்." விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு கேல்வினின் குரலில் இருந்த பணிவு போய், கவனம் வந்தது. "மேடம், மிஷின் தானா கத்தலை. யாரோ பின்கதவு வழியா உள்ள வந்திருக்காங்க. அலாரத்தை நிறுத்தற ரகசிய எண்ணை ரெண்டு தடவை தப்பா அடிச்சிருக்காங்க, அதுலதான் அலாரம் கத்தியிருக்கு. மூணாவது தடவை சரியா அடிச்சு நிறுத்தியிருக்காங்க."

டோரீனின் கோப்பை வாய்க்குப் பக்கத்தில் நின்றது.

"என் எண்ணா?" என்றாள் லோர்னா.

"இல்ல மேடம். உங்க கணக்குல ரெண்டாவதா ஒரு எண் இருக்கில்ல? அது."

"ஐயோ, ஹெரால்டோட எண்!" டோரீன் பதறினாள். "செத்த மனுஷனோட எண்ணை எவனோ தெரிஞ்சு வச்சிருக்கான்!"

லோர்னா பில்லை மடித்து மேசைமேல் வைத்தாள்.

"எங்க ஆளோட குறிப்பும் இருக்கு மேடம். படிக்கறேன். 'உள்ளே ஒருவர் இருந்தார். கேட்டதற்கு எண்ணைச் சரியாகச் சொன்னார். சமையலறை மேசையில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.' நாப்பது நிமிஷம் கழிச்சு உள்ள இருந்தவர் மறுபடி அலாரத்தைப் போட்டுட்டுக் கிளம்பியிருக்காரு."

"திமிரைப் பாரேன்! திருட வந்த வீட்டுல சாப்பாடு வேற! அக்கா, எழுந்திரு, என்னென்ன காணோம்னு பாரு!"

"மேடம், எங்க ஆள் அப்பவே உங்களுக்கு போன் பண்ணியிருக்கணும். தப்பு எங்களோடது," என்றான் கேல்வின். "அறுபத்தஞ்சு டாலரையும் தள்ளுபடி பண்ணிடறேன். ரெண்டாவது எண்ணை இப்பவே அழிச்சிடறேன். நீங்க போலீஸுக்கு…"

"அழிக்காதே!"

லோர்னா போட்ட சத்தத்தில் டோரீன் காப்பியை மடியில் கொட்டிக்கொண்டாள்.

"மேடம்?"

"அழிச்சுடாதேப்பா. தள்ளுபடியும் வேண்டாம். நானே முழுசாக் கட்டிடறேன்."

"உனக்கென்ன பைத்தியமாக்கா? ஹெரால்டோட எண்ணை வச்சுக்கிட்டு எவனோ…"

"ஹெரால்டுக்கு எண்ணே கிடையாது, டோரீன். அவர் கடைசிவரைக்கும் என் எண்ணைத்தான் அடிச்சார்."

லோர்னா கைபேசியை இரண்டு கைகளாலும் எடுத்து, ஒலிபெருக்கியை அணைத்துவிட்டுக் காதோடு சேர்த்துக்கொண்டாள்.

"தம்பி, எனக்கு ஒரே ஒரு உதவி பண்ணு. அன்னிக்கு வந்த அந்தக் காவல்காரரைக் கேட்டுச் சொல்லு. ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி கோவிச்சுக்கிட்டுப் போன என் பிள்ளை டெரிக்… ரொம்ப இளைச்சுப் போயிருந்தானா?"