ஒரு குறை வேண்டும்

“நல்லா பாருங்கண்ணே. எங்கயாவது ஒரு கோளாறு இருக்கும்.”

குமுதா இதைச் சொல்வது மூன்றாவது முறை. பானெட்டுக்குள் தலையை விட்டிருந்த அய்யாவுவுக்குச் சிரிப்பு வந்தது. கிள்ளானை ஒட்டிய மேருவில் முப்பது வருடமாக வொர்க்‌ஷாப் நடத்துகிறவர் அவர். பழைய கார் வாங்கியவர்கள் எல்லாம், “ஒண்ணும் இல்லன்னு சொல்லுங்க பாஸ்” என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கோளாறு இருக்க வேண்டுமே என்று தவிக்கிற ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

“எங்கம்மா வாங்குனீங்க?”

“காஜாங்ல, ஒரு பழைய காடிக் கடையில. கடைக்காரரே ஓட்டிக்கிட்டு வந்து இங்க விட்டுட்டாரு. நான் கிள்ளான்லேர்ந்து டாக்சியில வந்தேன்.”

“வாரண்டி உண்டா?”

“ஒரு மாசம்.”

அய்யாவுவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. வாங்கின கையோடு மனசு மாறியிருக்கிறது. திருப்பிக் கொடுக்க ஒரு சாக்கு வேண்டும், அதற்கு மெக்கானிக் வாயிலிருந்து ஒரு வார்த்தை வேண்டும். அந்தப் பருப்பு இங்கே வேகாது என்று நினைத்துக்கொண்டார்.

கிள்ளான் பக்கத்து ஆட்கள் பழைய கார் வாங்கினால் முதல் கவலை வெள்ளம்தான். அவர் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கார்ப்பெட்டைத் தூக்கி முகர்ந்தார்.

“சேறு இல்ல, துரு இல்ல. வெள்ளத்துல நின்ன காடி இல்லம்மா. நிம்மதியா இருங்க.”

“பிரேக்கப் பாருங்கண்ணே.”

“பாக்கலாம் லா. எல்லாம் வரிசையாத்தான் பாக்கணும்.”

முன்பக்கம் வந்து பம்பரை விரல் முட்டியால் தட்டினார். “இங்க மட்டும் புது பெயிண்ட். எதுலயோ லேசா மோதியிருக்கு. காடிக்குப் பெரிய அடி இல்ல.”

குமுதா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டு, “பிரேக்ணே” என்றாள்.

காரை மேலே தூக்கினார். நான்கு சக்கரங்களையும் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தார். அவசரப்படவில்லை. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன்; சொல்கிற உண்மையும் பிசகிவிடக் கூடாது என்கிற பயம் உண்டு.

“பேட் நல்லா இருக்கு. ஹோஸ்ல கசிவு இல்ல. பம்ப்பும் ஓகே.”

“கடைக்காரன் மாத்தியிருப்பான். விக்கிறதுக்கு முன்னால ரிப்பேர் பண்ணியிருப்பான்.”

“வாங்க, உங்க கண்ணாலயே பாருங்க.” சக்கரங்களை மாட்டிக் காரை இறக்கினார். பானெட்டைத் திறந்து, பிரேக் பம்ப்பின் நட்டுகள் மீது வெளிச்சத்தை நிறுத்தினார். “இந்த மஞ்சள் கோடு தெரியுதா? ஃபேக்டரியில முடுக்குன அன்னிக்குப் போட்டது. ஸ்பேனர் வச்சுத் திருப்புனா கோடு விலகிரும். இது விலகல. பிறந்ததுலேர்ந்து இந்த பிரேக் பம்ப்ப யாரும் தொடவே இல்லம்மா.”

குமுதா குனிந்து வெகுநேரம் அந்தக் கோட்டைப் பார்த்தாள். “ஒரு தடவை மட்டும் பிடிக்காம போயி, அப்புறம் தானா சரியாயிருக்கலாமாண்ணே?”

“இந்த பிரேக் அப்படிப் பண்ணாது. ஏறுங்க, ஓட்டிக் காட்டறேன்.”

“நீங்களே ஓட்டுங்க. நான் இப்ப ஓட்டறதில்ல.”

ஓட்டாதவள் எதற்குக் கார் வாங்கினாள் என்று அவருக்குத் தோன்றியது, கேட்கவில்லை. தொழிற்பேட்டைச் சாலையில் லோரிகள் இல்லாத இடமாகப் பார்த்து வேகமெடுத்து, சட்டென்று மிதித்தார். கார் இம்மியும் விலகாமல் நின்றது. மறுபடி மிதித்தார். மறுபடியும் நின்றது. ஐந்து முறை. ஒவ்வொரு முறையும் குமுதாவின் வலது கால், தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கைத் தேடி அழுத்தியது.

திரும்பி வந்ததும் அய்யாவு இன்ஜினை நிறுத்தினார். அவளைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

“தங்கச்சி, ஒளிக்காம சொல்றேன். திருப்பிக் கொடுக்கக் காரணம் தேடறீங்கன்னு தெரியுது. மனசு மாறுனா கடைக்காரன்கிட்ட நேரா பேசிப் பாருங்க. இல்லாத கோளாற இருக்குன்னு என்னால சொல்ல முடியாது.”

“திருப்பிக் கொடுக்கறதுக்கு இல்லண்ணே.”

“அப்புறம் என்ன? இந்தாங்க, இதைப் பாருங்க.” டாஷ்போர்டு பெட்டியிலிருந்து சர்வீஸ் புத்தகத்தை எடுத்துப் பிரித்தார். “ஒவ்வொரு சர்வீசும் தேதி போட்டு, கையால எழுதி வச்சிருக்காரு. கட்டின பொண்டாட்டியக்கூட ஒருத்தன் இப்படிப் பாத்துக்க மாட்டான். இவ்வளவு நல்ல காடிய அந்த மனுஷன் ஏன் வித்தாருன்னுதான் எனக்குப் புரியல.”

குமுதா புத்தகத்தை வாங்கவில்லை. எழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்குப் புரியுதுண்ணே. அது என் வீட்டுக்காரரு. போன வருஷம் வாசல்ல நின்னவர நான்தான் இந்தக் காடியால செவுத்தோட சேத்து மோதிட்டேன், ரெண்டு காலும் போயிருச்சு. ‘பிரேக் பிடிக்கல, உன் மேல தப்பில்ல’ன்னு சொல்லி, யாரும் திறந்து பாக்கறதுக்கு முன்னால, ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே வித்துட்டாரு.”