ஐம்பத்து மூன்றாம் எண்

"ஐம்பத்து மூணுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா, இல்லையா?"

நிங் கேட்டதும் வகுப்பே சிரித்தது.

திரையில் வணிகப் பாடத்தின் அறிவு வரைபடம். பாடத்துக்கு ஒரு புள்ளி, புள்ளிகளுக்கு நடுவே கோடுகள். விடுதியில் வீடியோ பார்த்துச் சரியாகப் பதில் போட்டால் புள்ளி பச்சை. இல்லையென்றால் சிவப்பு. சிவப்பை வைத்துத்தான் வகுப்பில் விவாதம். பக்கத்திலேயே தரவரிசை. பெயர் கிடையாது, எண் மட்டும். வரிசை போட்டே ஆகணும் என்பது மேலிடத்து உத்தரவு.

கடைசியில் ஐம்பத்து மூன்று. முழுக்கச் சிவப்பு.

"போன வருஷம் ஃபெயிலான கேஸா இருக்கும். இந்தப் பக்கமே தலை காட்டலையே," என்றான் ஹெங். "ஆனா நிங், உனக்கென்ன சிரிப்பு? போன செமஸ்டர் அந்த இடம் உன்னோடதுன்னு நீதானே சொன்னே?"

நிங் முகம் சுருங்கிப்போனது.

உண்மைதான். லான்ஜோ நகரத்தை விட்டு ஊருக்குப் போய் அப்பாவின் பன் கடையில் நின்றுவிடலாம் என்று பெட்டியே கட்டிவிட்டாள். இந்த செமஸ்டர் பார்த்தால், தனக்குக் கீழே ஒரு ஆள்! பெட்டியைப் பிரித்தாள். அந்தத் தெம்பில்தான் ஒவ்வொரு புள்ளியாகப் பச்சையாக்கினாள்.

இப்போது அந்த ஆளையே மிதிக்கிறாள். சே!

பாடம் எடுக்கும் ருவான் சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சும்மா நின்றார். இவரும் ஒரு வாத்தியார்! ஒருத்தன் மூழ்குகிறான், கண்டுக்கவே மாட்டேன் என்கிறார்.

அவர் கண்டுக்காவிட்டால் போகட்டும். நிங் அந்த எண்ணுக்குச் செய்தி தட்டினாள்.

"திட்டினது நான்தான். சாரி. சரக்கு இருப்புப் பாடம் எனக்கும் லேசுல மண்டையில ஏறல. சொல்லித் தரேன், படிப்பை விட்டுட்டு ஓடிடாதே. மதியம் கேண்டீனுக்கு வா, நூடுல்ஸ் கவுண்டர் பக்கம்."

"வரேன்."

மதியம் நூடுல்ஸ் ஆறிப்போனது. ஆளைக் காணோம். தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தவர் ருவான் சார்.

"சார், இங்க ஒருத்தர் வராங்க."

"வந்தாச்சு."

நிங்குக்குப் புரிய கொஞ்ச நேரம் பிடித்தது. "ஐம்பத்து மூணு... நீங்களா? ஏன் சார்?"

"வரிசைன்னு போட்டா யாராவது கடைசியில நின்னுதானே ஆகணும்? போன தடவை நின்ன பொண்ணு பெட்டி கட்டிருச்சுன்னு கேள்விப்பட்டேன்."

நிங் ஆறின நூடுல்ஸைத் தள்ளி வைத்தாள். "நான் உங்களைப் போய், மூளை இல்லைன்னு..."

"அதை விடும்மா. சரக்கு இருப்பு சொல்லித் தரேன்னியே, ஆரம்பி."