சகலை வீட்டு பாஸ்

சகலையும் இவரும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே மாதிரி ஸ்பீக்கர் செட் வாங்கினார்கள். சகலை வீட்டில் பாஸ் என்கிற அந்தக் கனத்த அடியொலி மெத்தை விரித்தாற்போல் சீராகப் பரவியது. இவர் வீட்டிலோ ஒரு மூலையில் இடி, மறு மூலையில் மூச்சே இல்லை.

"அக்கா வீட்டு அத்தானோட கட்டைக் குரல் மாதிரியே அவங்க வீட்டு பாஸும் எவ்வளவு அழகு!" என்று மனைவி வேறு எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பாஸ் பெட்டியைத் தான் உட்கார்ந்து பாட்டுக் கேட்கும் நாற்காலியில் ஏற்றி வைத்துவிட்டு, எங்கே சீராகக் கேட்கிறது என்று சுவரோரமாகத் தவழ்ந்து தேடினார். ஜன்னலுக்கு இரண்டு சாண் தள்ளி அந்த இடம் அகப்பட்டது. பெட்டியை அங்கே இறக்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தால், சொர்க்கம்.

போன் அடித்தது. கீச்சென்று ஒரு குரல்.

"நான்தான் சகலை. இப்பத்தான், பாதிப் பாட்டுல எங்க பெட்டியில பாஸ் நின்னுபோச்சு. என் தொண்டையும் என்னமோ ஆயிடுச்சு."

பல நாளாக எரிந்த வயிறு குளிர்ந்தது. "அடடா, வெந்நீர் குடிங்க சகலை," என்றார், அவருக்கே புதிதான ஒரு கட்டைக் குரலில்.

"அத்தான்! எப்ப வந்தீங்க?" என்று சமையலறையிலிருந்து மனைவி கூவினாள். ஈரக் கையைத் துடைத்தபடி, இவர் இதுவரை பார்த்தே இராத ஒரு சிரிப்போடு ஓடி வந்தாள். கூடத்தில் இவரை மட்டும் கண்டதும், அந்தச் சிரிப்பை உள்ளே எடுத்து வைத்தாள்.