பொய் சொல்லாத பெல்ட்

"சார், என் மக ஐசியூல கிடக்கா. ஒரு வாரம் எமர்ஜென்சி லீவு குடுங்க. இன்னைக்கே ஃபிளைட் ஏறிடுறேன்."

"லீவு வேணும்னா எல்லாருக்கும் ஊர்ல யாராவது சாகக் கிடக்காங்க சங்கீதா."

மேனேஜர் பாலமுரளியும் தமிழன்தான். அதனாலேயே தமிழர்கள் கேட்கும் லீவில் அவனுக்கு நம்பிக்கை கிடையாது.

துபாயின் அந்த ஜப்பானிய உணவகத்தில் பரிமாறும் பெண்களுக்குக் கிமோனோதான் சீருடை. இடுப்பைச் சுற்றும் அகலமான பட்டைக்குள் நாடித்துடிப்பை அளக்கும் கருவியும் குட்டி விளக்குகளும் வைத்துத் தைத்திருந்தார்கள். மனசு அமைதியாக இருந்தால் நீலம், படபடத்தால் சிவப்பு. சாப்பிட வருகிறவர்களுக்கு அது ஒரு வேடிக்கை. நெஞ்சைத் திறந்து காட்டிக்கொண்டே பரிமாறுவது எவ்வளவு பெரிய கொடுமை என்று உடுத்தியவளுக்குத்தான் தெரியும்.

"சத்தியமா சார். டெங்குவாம். உடனே வரச் சொல்லிட்டாரு டாக்டர். எங்கம்மா ஒத்தையில நின்னு அழுவுறாங்க."

"சத்தியமெல்லாம் எதுக்கு? உன் பெல்ட்டைப் பாரு."

குனிந்து பார்த்தாள். பட்டை நீலமாக எரிந்துகொண்டிருந்தது.

"போன வாரம் ஒருத்தன் உன் கையைப் பிடிச்சப்போ எப்படிச் சிவந்துச்சு? பெத்த புள்ளை ஐசியூல கிடந்தா எந்தத் தாய்க்காவது நெஞ்சு இப்படிச் சும்மா இருக்குமா? நீ பொய் சொல்லலாம், மெஷின் சொல்லாது."

சங்கீதா பட்டையைத் தொட்டுப் பார்த்தாள். கண் நிறைந்து வழிகிறது, நாக்கு வறண்டு கிடக்கிறது. நெஞ்சு மட்டும் ஏன் பதறவில்லை? இரண்டு வருஷமாகப் பிள்ளையை ஃபோனில் மட்டுமே பார்த்துப் பார்த்து மரத்துவிட்டதா? அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

"இன்னைக்கு முதலாளி குடுக்கிற விருந்து. சிரிச்ச முகமா போய் நில்லு. யல்லா, கிளம்பு!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டை எடுத்தாள். கதவு வரை போனவள் திரும்பினாள்.

"நான் நல்ல அம்மா இல்ல போலிருக்கு சார்."

அவள் போனதும் பாலமுரளி, பட்டைகளைப் பராமரிக்கும் ஆரிப்பை ஃபோனில் அழைத்தான்.

"ஆரிப் பாய், விருந்து முடியற வரைக்கும் அந்த செட்டிங்கை மாத்திடாதீங்க. நேத்து நீங்க பூட்டி வச்சபடியே எல்லா பெல்ட்டும் நீலமாவே எரியட்டும். எவ நெஞ்சு வெடிச்சாலும் கெஸ்டுக்குத் தெரியக் கூடாது."